தள்ளுவண்டிக்கு லைசென்ஸ்: முதலில் எந்தக் காகிதம்?

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் பல வருடங்களாக அரசு மருத்துவமனைக்கு எதிரே தள்ளுவண்டிக் கடை நடத்தியவர். காலையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், மாலையில் இட்லி, பணியாரம், மிளகாய் பஜ்ஜி. முன்பு நடந்த தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் பதிவாகி, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைத்திருக்கின்றன. போன வருடம் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டியை மனைவிதான் நடத்துகிறார். டிப்ளமோ முடித்த மகன் மாலையில் வந்து உதவுகிறார். நாளொன்றுக்குச் சுமார் 2,800 ரூபாய் விற்பனை, ஞாயிறு விடுமுறை. தினசரிக் கடைக் கட்டணம் வசூலிக்கும் குத்தகைதாரரின் ஆள் தினமும் வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போகிறார்.

ஒரு நாள் சாலையோரக் கடைகளை அகற்ற வந்தவர்கள் வண்டி, அடுப்பு, மாவுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிப் போய்விட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்றாம் நாள்தான் வண்டி திரும்பி வந்தது. கணவரின் அட்டையைக் காட்டியதற்கு, “இது உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, உங்களுக்குச் செல்லாது” என்று சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. ஓசூரில் மகனோடு போய்த் தங்கிவிட்ட பழக்கடைக்காரர், தன் அட்டையை மாதம் 1,000 ரூபாய் வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஒரு கணினி மையத்தில் ‘எல்லா லைசென்ஸும்’ எடுத்துத் தர 6,500 ரூபாய் கேட்கிறார்கள். மகனோ, வண்டியே வேண்டாம், பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடை காலியாக இருக்கிறது, அட்வான்ஸ் ஒரு லட்சம், வாடகை 8,000, தெருவோர வியாபாரிகளுக்கான கடனில் 50,000 வாங்கிவிடலாம் என்கிறார். வாசகிக்கு வண்டியை விட மனமில்லை. “கடையை அவன் பார்க்கட்டும், வண்டியை நான் பார்க்கிறேன். ரெண்டுக்கும் லைசென்ஸ் எடுத்துடலாமா? இல்லை, பேரைப் பதிஞ்சா ஜிஎஸ்டி அது இதுன்னு பின்னாலேயே வந்துடுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் லைசென்ஸ் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அட்டையும் லைசென்ஸ், குத்தகைச் சீட்டும் லைசென்ஸ், கணினி மையத்தில் சொன்னதும் லைசென்ஸ். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. வண்டி நிற்பதற்கு ஒரு காகிதம், உணவு விற்பதற்கு ஒரு காகிதம், தொழில் என்ற பெயரில் வங்கிக்குப் போவதற்கு ஒரு காகிதம். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. உணவுப் பதிவு இருக்கிறது என்பதற்காக நிற்கும் இடம் உங்களுடையதாகிவிடாது. இடத்துக்கான சான்று இருக்கிறது என்பதற்காக உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேள்வி கேட்காமல் போக மாட்டார்.

இந்த மூன்றில் உங்களுக்கு இப்போது அவசரமானது இடத்துக்கான காகிதம். அதைச் சரி செய்வதற்கு முன்னால் கடை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கணவரின் சான்றிதழ் உங்களுக்குச் செல்லும்

உங்களிடம் சொன்னது தவறு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவோர வியாபார ஒழுங்குமுறை) சட்டத்தின் 5ஆவது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. சான்றிதழ் பெற்றவர் இறந்துபோனாலோ, நிரந்தர ஊனமுற்றாலோ, நோய்வாய்ப்பட்டாலோ, அவருக்குப் பதில் குடும்பத்தில் ஒருவர் அதே இடத்தில் வியாபாரம் செய்யலாம். முதல் உரிமை கணவன் அல்லது மனைவிக்கு, அடுத்தது சார்ந்திருக்கும் பிள்ளைக்கு. ஆகவே வண்டிக்குப் பின்னால் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அந்த உரிமை சான்றிதழின் காலம் முடியும் வரைதான். அலமாரியில் இருக்கும் சான்றிதழை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்றே பாருங்கள். காலம் மீதி இருந்தால், கணவரின் உடல்நிலையைக் குறிப்பிட்டு, அவர் இடத்தில் நீங்கள் வியாபாரம் செய்வதைப் பதிவு செய்யச் சொல்லி, சான்றிதழ் விஷயங்களை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவுக்கு மனு கொடுங்கள். பேரூராட்சியில் அந்தக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர் செயல் அலுவலர். மனுவோடு சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல், உங்கள் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் வாங்கிய மருத்துவச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். கணவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இந்த மனுவுக்கு வலு சேர்க்கும், வேறு உதவிகளுக்கும் பயன்படும்.

காலம் முடிந்திருந்தாலோ, முடியப் போகிறது என்றாலோ, உங்கள் பெயரிலேயே சான்றிதழ் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த கணக்கெடுப்பு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் வருகிறவருக்கும், அந்த இடத்தில் எத்தனை வண்டி நிற்க முடியும் என்பதைப் பார்த்துக் குழு சான்றிதழ் தரலாம். பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லும் வரியும் சட்டத்தில் இருக்கிறது, அதை மனுவில் குறிப்பிடுங்கள். இடத்துக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டால் குலுக்கல் நடக்கும், விடுபட்டவர்களுக்குப் பக்கத்து விற்பனைப் பகுதியில் இடம் தர வேண்டும்.

பழக்கடைக்காரரின் அட்டை வேண்டவே வேண்டாம். சான்றிதழை வாடகைக்கு விடுவது உட்பட எந்த வகையிலும் மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அவர் அதை வாங்கியிருப்பார். மாட்டிக்கொண்டால் அவர் சான்றிதழ் ரத்தாகும். மாதம் 1,000 ரூபாயும் கொடுத்துவிட்டு, வேறொருவர் பெயரைச் சொல்லி நிற்கிறவர் என்ற பேச்சும் உங்களுக்கு மிஞ்சும். சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை இருக்கும்போது பொய்யான ஒன்றுக்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?

நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “கூட்டம் அங்கேதான் இருக்குன்னு ஆறு மாசமா வண்டியை முனைக்குத் தள்ளி நிறுத்துறேன்.” கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்த வரி இதுதான்.

சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து உங்களை அகற்றவோ இடம் மாற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 18ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு சான்றிதழில் எழுதியிருக்கும் இடத்துக்குத்தான். மருத்துவமனைக்கு எதிரே என்று எழுதியிருந்து வண்டி முனையில் நின்றால், ‘எனக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை’ என்று நீங்கள் சொல்லும்போது, ‘உங்கள் இடத்தில் நீங்கள் இல்லையே’ என்று அவர்கள் சொல்வார்கள். அதோடு முனை என்பது வண்டிகள் திரும்பும் இடம். அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் பேரூராட்சியோடு இன்னொரு அலுவலகமும் சேர்ந்துகொள்ளும்.

பழைய இடத்துக்கே திரும்புங்கள். கொஞ்ச நாளைக்கு விற்பனை குறையலாம். முனைதான் வேண்டும் என்றால், இடத்தை மாற்றித் தரச் சொல்லித் தனியாக மனு கொடுத்து, அனுமதி வந்த பிறகு போங்கள். யாரும் கேட்காத பைபாஸ் ஓரத்துக்குப் போய்விடலாமா என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே போனால் நிலைமை இன்னும் மோசம். இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர அமைப்புகளுக்கானது. எல்லை தாண்டி ஊராட்சிப் பகுதிக்குள் போய்விட்டால் உங்கள் சான்றிதழுக்கு அங்கே வேலையில்லை. தேசிய நெடுஞ்சாலை நிலம் என்றால் அதற்கு 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, அதில் தெருவோர வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. லாரிகள் பறக்கிற சாலை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் இருந்தால் யாரும் எப்போதும் அசைக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பு தந்த தொழில் உரிமைக்குள் வரும், அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு சோதன் சிங் வழக்கில் சொன்னது. நிலம் உங்களுடையது ஆகாது. பொதுத் தேவைக்காக இடம் மாற்றலாம், ஆனால் முறைப்படி மாற்ற வேண்டும்.

வண்டியை எடுத்துப்போனது பற்றி

பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு ஒரு நகல் உங்களிடம் கொடுக்க வேண்டும். நீங்கள் போய்க் கேட்டால், கெட்டுப்போகக்கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இது 19ஆவது பிரிவு. உங்களுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை.

வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புகார் கொடுக்கலாம். இதற்கென்றே குறைதீர்க்கும் குழு அமைக்கச் சொல்கிறது சட்டம், அதன் தலைவர் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவர். ஆனால் உண்மையைச் சொல்வதானால், பட்டியலும் இல்லை, படமும் இல்லை, வண்டி நின்றதும் மாறிய இடத்தில். ஒரு நாள் மாவுக்கும் மூன்று நாள் வருமானத்துக்கும் இந்த நிலையில் மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சக்தியைச் சான்றிதழ் மனுவில் செலவிடுங்கள். நடந்ததையும் தேதியோடு அந்த மனுவிலேயே ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை, நடந்தது நடந்தபடி இருந்தால் போதும். இன்னொரு முறை வந்தால் சண்டை போடாமல் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, “பட்டியல் கொடுங்க சார்” என்று கேளுங்கள்.

குத்தகைச் சீட்டும் லைசென்ஸ் இல்லை. கட்டணம் கட்டியதற்கான ரசீது, அவ்வளவுதான். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அந்த இடத்தில் நாள் தவறாமல் வியாபாரம் செய்கிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மாதத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். சீட்டில் எண்ணும் தொகையும் அச்சாகி இருக்க வேண்டும். வெறும் தாளில் கிறுக்கிக் கொடுத்தாலோ, காசை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தாலோ ‘சீட்டு?’ என்று கேட்கப் பழகுங்கள்.

உணவுப் பதிவுக்கு 6,500 ரூபாய் ஆகாது

கணினி மையத்தில் சொன்ன ‘எல்லா லைசென்ஸும்’ என்ன என்று பார்த்தால், ஒன்று உணவுப் பாதுகாப்புப் பதிவு, இன்னொன்று உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று வங்கியில் காட்டுவதற்கான மத்திய அரசுப் பதிவு. உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்திலேயே முடித்துவிடலாம், உங்கள் மகனுக்கு அரை மணி நேர வேலை. உணவுப் பதிவை ஃபாஸ்கோஸ் என்ற அரசு இணையதளத்தில் செய்ய வேண்டும். சிறு உணவு வியாபாரிக்கு 2011ஆம் ஆண்டு விதிமுறை வைத்த கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். தெருவோர வியாபாரிகளுக்குக் கட்டண விலக்கு உண்டா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் கட்டுங்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டும். 14 இலக்கப் பதிவு எண் வந்ததும் சான்றை வண்டியில் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அதே 2011 விதிமுறை, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை உள்ளவரைச் சிறு வியாபாரி என்று வைத்தது. அவருக்குப் பதிவு போதும், அதற்கு மேல் போனால் உரிமம். உங்கள் விற்பனை நாளுக்கு 2,800, மாதம் 26 நாள் என்றால் 72,800, வருடத்துக்கு 8,73,600. தாராளமாகப் பதிவுக்குள் அடங்குகிறது. விண்ணப்பிக்கிற அன்று இணையதளத்தில் என்ன வரம்பு காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், வரம்பு கூடியிருந்தால் உங்களுக்கு நல்லதுதான். ஜிஎஸ்டி பயமும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது. உணவு பரிமாறும் தொழிலுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உணவுப் பதிவோ உத்யமோ எடுத்ததால் மட்டும் ஜிஎஸ்டி வந்து ஒட்டிக்கொள்ளாது.

பதிவு எடுத்தால் ஆய்வும் வரும், அதற்கு வண்டி தயாராக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். முதலாவது கேஸ். வீட்டுக்குத் தருகிற 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைத்திருக்கிறீர்கள். அதைக் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் பெரிதாகத் தெரிந்தால் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது, தள்ளுவண்டிக்கு அதுவே வசதி. வீட்டு சிலிண்டரை விட வணிக சிலிண்டருக்குச் செலவு கூடுதல்தான், விலை வைக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது, பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பது. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கூடாது என்கிறது. அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளுக்குப் போய்விடாதீர்கள், 2019 ஜனவரி 1 முதல் அதற்கும் தமிழ்நாட்டில் தடை. மந்தாரை இலையோ வாழை இலைத் துண்டோ போதும். களி வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கவும் செய்யும்! இவை தவிர, உணவைத் தொடுகிறவருக்கு வருடாந்திர மருத்துவத் தகுதிச் சான்று, மூடி வைத்த குடிநீர், மூடிபோட்ட குப்பைக் கூடை, பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பது. பஜ்ஜி மாவில் கலர்ப் பொடி போடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடனும் கடையும்

மகன் சொல்கிற கடன் பிரதமரின் ஸ்வநிதி திட்டம். 2020 ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அதை மாற்றியமைத்து 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது. அடமானம் கேட்க மாட்டார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் 50,000 கிடைக்காது. முதல் தவணைக் கடன் 15,000 வரை. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தால் 25,000 வரை, அதையும் முடித்தால்தான் 50,000. நாள் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். க்யூஆர் அட்டை மூலம் பணம் வாங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. சான்றிதழ் உங்கள் பெயரில் வரத் தாமதமானால், பேரூராட்சியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி அதை வைத்தும் விண்ணப்பிக்கலாம். கட்டி வைக்கச் சொன்னேனே, அந்தச் சீட்டுகளுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

15,000 ரூபாய் வண்டிக்கு மேற்கூரை, வணிக சிலிண்டர், நல்ல பாத்திரம் என்று சரியாகப் போகும். கடை அட்வான்ஸுக்கு எட்டாது, அதற்காகத் தரப்படுவதும் இல்லை.

இப்போது மகனின் யோசனைக்கு வருகிறேன். அவர் கெட்டதொன்றும் சொல்லவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கூரை இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் ‘ரெண்டுக்கும் லைசென்ஸ்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விற்பனைச் சான்றிதழ் வாங்குகிறவர், இந்த வியாபாரத்தைத் தானோ தன் குடும்பத்தாரோதான் நடத்துவார், தனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். உங்கள் பெயரில் கடையும் எடுத்து வண்டிச் சான்றும் வைத்துக்கொண்டால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும், சான்றிதழை ரத்து செய்ய அதுவே காரணமாகும். கடையை மகன் பெயரில், மகன் முதலீட்டில், மகன் கணக்கில் தனித் தொழிலாக நடத்தினால் நிலைமை வேறு, அதற்கு வாதம் இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் ஒரே மாவை அரைத்து இரண்டு இடத்தில் விற்றுக்கொண்டு, இது வேறு அது வேறு என்று குழுவின் முன்னால் போய் நிற்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. வண்டியில் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டு நீங்கள் கடைக்குப் போவதும் கூடாது.

கடையின் கணக்கையும் பாருங்கள். 8,000 வாடகையை 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 308 ரூபாய், அதுவும் லாபத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டியது. அதற்கு மேல் வணிக மின்கட்டணம், பேரூராட்சியின் தொழில் உரிமம், அதன் புதுப்பிப்பு. விற்பனை நாளுக்கு 4,000 ஆனால் வருடத்துக்கு 12,48,000, நான் மேலே சொன்ன 2011 விதிமுறையின் 12 லட்ச வரம்பு மாறாமல் இருந்தால் அதைத் தாண்டிவிடும். மருத்துவமனைக்கு வருகிற கூட்டம்தான் உங்கள் களிக்கு வாடிக்கை. அவர்கள் பேருந்து நிலையம் வரை தேடி வருவார்களா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் யோசனை இது. ஒரு வருடம் வண்டியையே முறைப்படி நடத்துங்கள். சான்றிதழ், உணவுப் பதிவு, உத்யம், முதல் கடன், அதை ஒழுங்காகக் கட்டியது, வங்கிக் கணக்கில் தெரிகிற வரவு இவையெல்லாம் கையில் இருந்தால் எந்த வங்கி மேலாளரிடமும் தைரியமாகப் பேசலாம். அதன் பிறகும் மகனுக்குக் கடை ஆசை இருந்தால், தருமபுரியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு அவரை அனுப்புங்கள். வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்தில் வங்கிக் கடனோடு 25 சதவீத மானியம் உண்டு. அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. கடையைத் திறந்துவிட்டு மானியம் கேட்டுப் போனால் ‘ஏற்கெனவே நடக்கிறதே’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதே அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊர்க் குழுவில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். குழு கூடுவதே இல்லை என்று தெரிந்தால், கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த தேர்தலில் நீங்களே ஏன் நிற்கக் கூடாது? நான்கு பக்கத்துக்கு இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசுவது பெரிய காரியமில்லை.

மனு எழுத வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் கேளுங்கள். பேரூராட்சியில் மனுவைக் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றால், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால், முதல் நாள் பேரூராட்சிக்குப் போகும்போதே மனுவை இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.